பத்து நம்பர் ஸ்பானரும் ஒரு முழம் பைப்பும்

எங்க மோட்டார் ரூமில் ஸ்பானர்களோடு ஒரு முழம் ஜி.ஐ. பைப்பும் கிடக்கும். துருவேறிய பம்ப்செட் நட்டு அசையலைன்னா, ஸ்பானர் வாலில் பைப்பைச் செருகி ஒரே அமுக்கு. அந்தப் பழக்கத்தோடுதான் போன மாசம் பைக்கின் பின்பக்க பிரேக் ஷூவை நானே மாற்ற உட்கார்ந்தேன்.

சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த ஷூவை மாற்றியாச்சு. ஷூவை விரிக்கிற கேமின் தலையில் ஒரு சின்னக் கை இருக்கும். அதைக் கவ்விப் பிடிப்பது ஆறு மில்லி போல்ட். பத்து நம்பர் ஸ்பானர் போடணும். பிரேக் சமாச்சாரமாச்சே, லூசா இருக்கக்கூடாதுன்னு பைப்பைச் செருகினேன். 'டக்'. போல்ட் தலை கையோடு வந்துடுச்சு.

புது போல்ட் வாங்கி மாட்டினேன். இப்போ பயம் பிடித்துக்கொண்டது. மற்ற நட்டுகளைப் பட்டும் படாமல் முடுக்கினேன். பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இழுத்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை உண்டு. அதன் நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின், கழற்றும்போதே ஒடிந்திருந்தது. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

நாலாம் நாள், வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போனேன். கேரளா லாரிகள் ஓடுகிற ரோடு. ஊருக்குள் நுழையும்போது பிரேக்கை மிதித்தால் கீழே 'டொக்'. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். பட்டையின் நட்டைக் காணோம். போல்ட் பாதி வெளியே நிற்கிறது. அது விழுந்திருந்தால், அடுத்த மிதியில் தட்டு சுற்றி, பிரேக் கம்பியை முறுக்கி, சக்கரமே பூட்டியிருக்கும். பின்னால் லாரி.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

தள்ளிக்கொண்டு போன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, பம்ப்செட்டு வேற, இது வேற. சின்ன போல்ட்டுக்கு ஸ்பானரைத் தலைகிட்டப் பிடிங்க. முதல்ல சும்மா சுத்தும். அப்புறம் கவ்வும். கவ்வின பிறகு கொஞ்சம்தான்."

கணக்கும் அதுதான். ஆறு மில்லி போல்ட்டுக்குச் சாதாரணமாகப் பத்து நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பத்து சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. அதே கையை அரை மீட்டர் பைப்பின் நுனியில் வைத்தால் ஐந்து மடங்கு. ஒடியாமல் என்ன செய்யும்?

பட்டை நட்டு கொஞ்சம் பெரிசு. அதை நல்லாவே முடுக்கினார். ஆனால் முடுக்கிய பலத்தை மட்டும் நம்பவில்லை. புது ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் விரித்து மடக்கினார். சில்லறைக் காசு சாமான். கழற்றின பின்னைத் திரும்பப் போடாதீங்கன்னும் சொன்னார்.

ராத்திரி வீட்டம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போதெல்லாம் வண்டியில் ஏறுமுன் ஒரு கேள்விதான் கேட்கிறாள்: "பின்னு இருக்கா?" நானும் குனிந்து பார்த்துட்டுத்தான் பதில் சொல்றேன்.