காற்றை அளந்த பிறகே டியூனிங்

டியூனிங் என்றதும் பலரும் லேப்டாப் திரையில் தெரியும் எரிபொருள் அட்டவணையைத்தான் நினைக்கிறார்கள். காற்றை எந்த சென்சாரால், எந்த இடத்தில் அளப்பது என்று தீர்மானிக்கும்போதே வேலையில் பாதி முடிந்துவிடுகிறது என்பேன். அட்டவணையில் என்ஜினின் இயல்பு மட்டுமே பதிய வேண்டும். சென்சாரின் பிழையும் அதில் கலந்துவிட்டால், இன்று சீராக ஓடும் கார் நாளை வெயில் மாறியதும் தடுமாறும்.

1989-ல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் 1.6 லிட்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதில் காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் ஒரு தகடுதான் காற்றை அளக்கிறது. டர்போ பொருத்தினால் தகடு முழுதாகத் திறந்த பிறகும் கூடுதல் காற்று வரும். அதை அந்தத் தகடு சொல்லாது. எனவே அதைக் கழற்றிவிட்டு, மெகாஸ்குவர்ட் போன்ற கணினியையும் என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் வைக்கிறார்கள். கழற்றிய பெட்டிக்குள்தான் காற்று வெப்பநிலை சென்சாரும் பெட்ரோல் பம்ப்பின் சுவிட்சும் இருந்தன. இரண்டுக்கும் மாற்று வழி செய்தாக வேண்டும். டர்போ அழுத்தத்தோடு மேனிஃபோல்டில் 170 கிலோபாஸ்கல் வருமென்றால், 1 பார் சென்சார் 100-ஐத் தாண்டியதும் திணறி நின்றுவிடும், அங்கே 2.5 பார் சென்சார் வேண்டும்.

அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்தே இந்தக் கணினி காற்றைக் கணக்கிடுகிறது. அழுத்தத்தைவிட அதிகம் ஏமாற்றுவது வெப்பநிலை. சூடான மேனிஃபோல்டில் திருகிய சென்சார் காற்றின் சூட்டோடு உலோகத்தின் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. காற்று 40 டிகிரியில் இருக்கும்போது அது 70 என்று காட்டினால், கணினி காற்றின் அடர்த்தியைச் சுமார் 9% குறைத்து மதிப்பிட்டு, பெட்ரோலையும் அதே அளவு குறைக்கும். டர்போ அழுத்தத்தில் பெட்ரோல் குறைந்த இந்த லீன் கலவை, தானே வெடிக்கும் நாக்கிங்கில் கொண்டுபோய் விட்டு பிஸ்டனைக் கெடுக்கும். அதைச் சரிக்கட்ட அட்டவணையில் 9% கூட்டினால், காற்றோட்டத்தில் சென்சார் குளிர்ந்ததும் பெட்ரோல் அதிகமாகிக் கலவை ரிச்சாகும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய குழாயில், வெப்ப மாற்றத்தை விரைவாக உணரும் திறந்த முனை சென்சாரை வைப்பதே இதற்குத் தீர்வு.

புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் எல்லாவற்றையும் திருத்திவிடாதா என்று கேட்கலாம். அது எரிந்து முடிந்த புகையைப் பார்த்துத்தான் பேசுகிறது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதிக்கும் கணத்தில் அந்தத் திருத்தம் பிந்திவிடும். எரியாமல் தப்பிய ஆக்ஸிஜனைக்கூட அது லீன் என்றே எடுத்துக்கொள்ளும். சூடான கம்பி கொண்ட மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் காற்றின் எடையை நேரடியாகவே அளக்கிறதே என்பதும் நியாயமான கேள்விதான். கம்பெனி அமைப்பை மாற்றாத என்ஜினுக்கு அதுவே சிறந்தது. ஆனால் ரேஸ் கேம்ஷாஃப்ட் மாட்டினால் குறைந்த வேகத்தில் காற்று பின்னோக்கித் துடிக்கும். சாதாரணக் கம்பி திசை அறியாமல் அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

ஆகவே அட்டவணையில் கைவைக்கும் முன் இரண்டு சோதனைகள் அவசியம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், மேப் சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். இரவு முழுதும் நின்ற காரில் காற்று வெப்பநிலை சென்சாரும் கூலன்ட் சென்சாரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைச் சொல்ல வேண்டும். இவை ஒத்துப்போகாதவரை அட்டவணையில் ஓர் எண்ணையும் தொடக் கூடாது.