சொட்டுநீர்க் குழாய் ஏன் சொரசொரக்கிறது?

முறுக்கு பிழியும்போது மாவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அச்சிலிருந்து முள் முள்ளாக வரும். அம்மா உடனே அச்சுக்குள் எண்ணெய் தடவுவார். மாவு வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் படிக்கிற பாலிமர் படிப்பில் இதற்கு ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? :-)

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பார்த்தாலும் ஒரு கருப்புக் குழாய் ஓடும். பெரும்பாலும் 16 மி.மீ. பாலிஎத்திலீன். வெயிலைத் தாங்க இரண்டு சதவீதத்துக்கு மேல் கார்பன் கருப்பு கலந்திருப்பார்கள். இதுவும் முறுக்குப் பிழிவது போலத்தான் தயாராகிறது. சுமார் 200 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக்கை 'டை' என்கிற இரும்பு அச்சு வழியாகத் தள்ளுவார்கள்.

தண்ணீர் குழாயில் ஓடும்போது சுவரைத் தொடும் அடுக்கு நகராது என்று பள்ளியில் படித்திருப்போம். பாலிமர் உருகல் அப்படிச் சமர்த்தாக இருக்காது. ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கொண்ட நீளச் சங்கிலி. ஒன்றோடொன்று நூடுல்ஸ் மாதிரி சிக்கிக் கிடக்கும். 1979-லேயே டி ஜென் (1991-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர்) சொன்னார்: இப்படிச் சிக்கிய உருகல், வழவழப்பான சுவரில் மொத்தமாகவே வழுக்கிப் போகும். ஆனால் சில சங்கிலிகள் சுவரில் ஒட்டிக்கொண்டால் கதை மாறும். ஒட்டியவை ஓடுகிறவற்றைப் பிடித்து இழுக்கும், வழுக்கல் நின்றுவிடும். வேகத்தைக் கூட்டினால், ஒட்டிய சங்கிலி நீண்டு, சிக்கு அவிழ்ந்து, மறுபடி வழுக்கல் ஆரம்பிக்கும்.

சொரசொரப்பு வருவது அச்சின் வாயில். உள்ளே சுவரோடு ஒட்டி நின்ற மேல்தோல், வெளியே வந்ததும் நடுப்பகுதியின் வேகத்துக்குத் திடீரென்று ஓட வேண்டும். அந்த இழுப்பில் தோல் கீறிக்கொள்கிறது. இதற்குச் சுறாத்தோல் என்றே பெயர். சுவர்த் தகைவு சுமார் 0.1 மெகாபாஸ்கல் வந்தாலே போதும், கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம்தான்!

சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா இதைத் தியரி இல்லாமலே கண்டுபிடித்தார். மானியத்தில் வந்த குழாய் பத்தாமல் மலிவாக ஒரு சுருள் வெளியில் வாங்கியிருந்தார். "தடவிப் பார்றா, உடும்புத்தோல் கணக்கா இருக்கு" என்றார். அடுத்த கோடையில் மடக்கிய இடங்களில் எல்லாம் விரிசல். சொரசொரப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பழைய பிளாஸ்டிக் கலப்பும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி. "படிச்சவன்தானே, இத எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லு" என்று பிடித்துக்கொண்டார்.

பதில் தேடிப் போனதில் ஒரு நல்ல கதை கிடைத்தது. யூனியன் கார்பைடில் (ஆமாம், அதே கம்பெனிதான்) வேலை பார்த்த ஏ.வி.ராமமூர்த்தி 1986-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். இரும்புக்குப் பதில் பித்தளை டை போட்டால் சுறாத்தோல் மறைகிறது. பித்தளையில் பிளாஸ்டிக் நன்றாக ஒட்டுவதால் இப்படி என்று விளக்கினார். 1999-ல் டென் குழுவினர் அளந்து பார்த்தால் நேர் தலைகீழ், பித்தளையில் உருகல் வழுக்குகிறது! அடுத்த வருடமே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் ஜோஷி, லேலே, மஷேல்கர் மூவரும், சங்கிலி சுவரை விட்டுப் பிய்த்துக்கொள்வது, சிக்கு அவிழ்வது இரண்டையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். நம்மூர்ப் பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயர் ஏன் வருவதில்லையோ!

தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்ட வழி அம்மாவின் எண்ணெய்தான். பிளாஸ்டிக்கோடு பத்தாயிரத்தில் சில பங்கு ஃப்ளூரோபாலிமர் கலப்பார்கள். அது இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீனுக்கு ஒட்ட இடம் கிடைக்காமல் வழுக்கிப் போகும். டை முழுவதும் படியும் வரை குழாய் சொரசொரப்பாகவே வரும், அப்புறம் பளபளப்பு.

ஆனால் இந்த ஃப்ளூரோபாலிமர்கள், மண்ணில் எளிதில் அழியாத பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தவை. 2025 முடிவுக்குள் இவற்றின் உற்பத்தியை நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. குழாயில் இருப்பது துளிதான், பயமுறுத்த வரவில்லை. இருந்தாலும் திராட்சை வேரில் வருடக்கணக்கில் கிடக்கிற பொருள் இல்லையா? ஃப்ளூரின் இல்லாத மாற்றுகள் வரத் தொடங்கிவிட்டன. அவை இரும்பில் அதே மாதிரி ஒட்டுமா, எவ்வளவு நேரத்தில் ஒட்டும் என்பதுதான் என் அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட். பித்தளையிலும் ஒரு டை கடைந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.