தொப்பூரில் ஒரு டீ

தர்மபுரியில் பஸ் ஏறியதும் பெரியப்பா ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார். "வேடிக்கை பாத்துக்கிட்டு வாடா" என்றார். முப்பத்தைந்து வயது ஆசாமிக்கு! அவருக்கு நான் இன்னும் டவுசர் பையன்தான்.

பாளையம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு சரிய ஆரம்பிக்கிறது. தொப்பூர் கணவாய். பெங்களூர் - சேலம் ரூட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். குன்று, காடு, வளைவு, நடுவில் இரட்டைப் பாலம்... அழகான இடம்தான். பேப்பரில் பெயர் வருவது என்னவோ வேறு காரணத்துக்காக. 2020 டிசம்பரில், நெரிசலில் நின்றிருந்த வண்டிகள் மேல் ஒரு லாரி பாய்ந்து, பன்னிரண்டுக்கு மேல் நொறுங்கின. 4 பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் 4 பேர்.

எங்கள் வீட்டு ஆள் போனது 2016-ல். பெரியப்பாவின் ஒரே பையன், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். சேலத்தில் இருந்த என் ரூமுக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தான். பின்னால் வந்த லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை.

பாலம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கண்டக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சீட்டை ஏன் கொடுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

தொப்பூரில் இறங்கி டீ சொன்னோம். பக்கத்து பெஞ்சில் ஒரு லாரி டிரைவர். பெரியப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, இறக்கத்துல நியூட்ரல்ல விடுவீங்களாமே?"

"சில பேர் விடுவாங்கய்யா. டீசல் மிச்சமாகும்ல. கியர்ல இருந்தா இஞ்சினே வண்டியைப் புடிச்சு நிறுத்தும். நியூட்ரல்னா மொத்த லோடும் பிரேக் மேலதான். டிரம் சூடேறிப் போச்சுன்னா, மிதிக்கலாம்... நிக்காது."

நான் பி.காம். எதைக் கேட்டாலும் பற்று வரவு எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. மிச்சமான டீசல் யார் கணக்கு? டிரைவரா, முதலாளியா, வாடகையை அடிமட்டத்துக்குப் பேசிய பார்ட்டியா, இப்படி ரோடு போட்டவர்களா? கூட்டிக்கொண்டே போனேன். கடைசி வரியில் ஒரு பெயர் பாக்கி இருந்தது. அதை எழுதவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே சொந்தக்காரர்கள் பெரியப்பாவிடம் சொன்னார்கள்: "டிரைவர் குடிச்சிருந்தான்னு சொல்லிடுங்க. உள்ள போகட்டும்." அப்போதைய 304-ஏ பிரிவில் அதிகபட்சமே ரெண்டு வருஷம்தான் என்பதில் எல்லோருக்கும் கடுப்பு. பெரியப்பா ஒரே வார்த்தை: "நான் பாக்கலியே." அந்த டிரைவர் ஓடவில்லை, போலீஸ் வரும்வரை தலையில் அடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். பெரியம்மா ஒரு மாசம் பெரியப்பாவுக்குச் சோறு போட்டாளே தவிர பேசவில்லை. பெத்தவள், அவள் கோபத்தில் என்ன தப்பு? எனக்கே அன்று பெரியப்பா மேல் ஆத்திரம்தான்.

இழப்பீட்டுக்கு நடந்தது நான்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு வேடிக்கை, யார் தப்பு என்று நிரூபிக்காமலே ஒரு தொகை கேட்கலாம். அன்றைக்கு 140-வது பிரிவில் உயிருக்கு 50,000. 2019 திருத்தத்துக்குப் பின் 164-வது பிரிவில் 5 லட்சம். "யார் தப்பு?" என்று கேட்காத ஒரே காகிதம் எனக்குத் தெரிந்து அதுதான். அதில் கையெழுத்துப் போடும்போது பெரியப்பா கை நடுங்கியது. என் கையும்தான்.

டிரைவர் எழுந்து போனார். "பாத்துப் போப்பா, கியர்லயே போ" என்றார் பெரியப்பா. அவருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"பெரியப்பா... அன்னிக்கு அவன் பஸ்லதான் வரேன்னான். ஊர் சுத்தலாம், பைக்கை எடுத்துக்கிட்டு வாடான்னு நான்தான்..."

"தெரியும்டா. நீ போன் பண்ணப்ப நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

என் கிளாஸை எட்டித் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப் போச்சு. வேற போடச் சொல்லட்டுமா?"