ஓரங்களில் குறையும் ஒளி

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவர் ஒளி பெற்ற நிகழ்வை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் விரித்துரைக்கிறது. அவ்வதிகாரத்தின் முடிவில் பார்வையற்றோராய் நிற்பவர்கள், தமக்குப் பார்வை உண்டு என்று உறுதியாய் நம்பியவர்களே. உடல் நோய்களுள் இந்நிலையை எனக்கு நினைவூட்டுவது ‘கிளாக்கோமா’ எனப்படும் கண் அழுத்த நோய்.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து வடிகிறது. வடியும் வழி தடைப்படின் கண்ணுக்குள் அழுத்தம் உயரும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பர். அவ்வளவிற்குள்ளேயே நோயுறும் கண்களும் உண்டு. விழியையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பின் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகள் சிறிது சிறிதாய் மடிகின்றன. சிலருக்கு அழுத்தம் திடீரென ஏறிக் கடும் வலியும் வாந்தியும் உண்டாகும். அவர்கள் உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். பெரும்பாலோர்க்கோ வலியே இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைகிறது. ஒரு கண் இழந்ததை மறு கண் ஈடுசெய்கிறது. எஞ்சிய வெற்றிடத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, சோதனைப் பலகையின் கடைசி வரியையும் தடையின்றிப் படிப்பவரிடத்தும் இந்நோய் வேரூன்றியிருக்கக்கூடும்.

இதனைக் கண்புரை என்று எண்ணிக் காத்திருப்போர் பலர். புரை மறைத்த ஒளியை அறுவை சிகிச்சை பெரும்பாலும் மீட்டுத் தரும். மடிந்த நரம்போ மீண்டும் உயிர்ப்பதில்லை.

எம் பங்கின் முதிய கோவில்பிள்ளை பீடத்தருகே மெழுகுதிரித் தண்டுகளில் அடிக்கடி இடித்துக்கொள்வார்; அவற்றை இடம் மாற்றியதாகப் பீடச் சிறுவர்களைக் கடிந்துகொள்வார். நோய் இன்னதென்று தெரிந்து, சொட்டு மருந்து தொடங்கிய சில மாதங்களில் அதை நிறுத்திவிட்டார். “போட்டும் பார்வை கூடவில்லையே, சாமி” என்றார். அவர் சொன்னது உண்மையே. அம்மருந்து எதையும் கூட்டுவதில்லை, இருப்பதைக் காக்கிறது. மீண்டும் அதைத் தொடங்கினார். இடையில் போன பார்வை போனதே.

குணமாக்கும் அருளை நாம் கண்ணீரோடு வேண்டுகிறோம். காத்துவரும் அருளுக்கு நன்றி கூற மறக்கிறோம். நேற்றுக் கண்டதை இன்றும் காண்பது நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில்லை.

அன்பர்களே, 40 வயதைக் கடந்தோரும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ இந்நோயுற்றிருப்போரும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துவோரும் கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்வது நலம். இரவு செபத்தில் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இத்தகையதே: உணராத குறை ஏதும் உள்ளே வளர்கிறதா என, நலமாய் இருக்கும் நாளிலேயே தேடிப் பார்ப்பது.