தடித்த எழுத்து

கௌபாய் படங்களிலும், லயன், முத்து காமிக்ஸ்களிலும் மதுக்கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் அந்த அறிவிப்பு நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். குற்றவாளியின் முகத்துக்கு மேலே, 'தேடப்படுகிறான்' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல். முகம் மறந்துபோகும், எழுத்து மறப்பதில்லை. சாதாரணப் புத்தக எழுத்தில் கோடுகளின் முனை மெல்லிய கீற்றாக முடியும். இங்கோ ஒவ்வொரு காலின் கீழும் செங்கல் வைத்தாற்போல் சதுரக் கட்டை, அதுவும் ஏறக்குறைய காலின் அதே தடிமனில். 'ஸ்லாப் செரிஃப்' என்பது இந்த வகையின் பெயர் என்று வெகுகாலம் கழித்தே நாங்கள் அறிந்தோம்.

இது புத்தகத்துக்காகப் பிறந்த எழுத்தல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுவர்களில் லாட்டரி, நாடகம், மருந்து என்று விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டன. அந்தக் கூச்சலுக்கிடையே தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும் எழுத்து தேவைப்பட்டது. எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களில் இத்தகைய எழுத்தை 'ஆன்டிக்' என்ற பெயரில் வெளியிட்டார். 1821இல் வில்லியம் தொரோகுட் தம் மாதிரி நூலில் இதை 'எகிப்தியன்' என்றார். நெப்போலியன் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய எகிப்து மோகமே அப்பெயருக்குக் காரணம் என்பர். (தொரோகுட் அந்த வார்ப்பகத்தை வாங்கியதே லாட்டரியில் விழுந்த பணத்தில்தான். லாட்டரியை விற்ற எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதலாளி கிடைத்திருக்க முடியாது.)

ஈயத்தில் பெரிய எழுத்துகளை வார்ப்பது செலவு, தூக்குவது பாடு. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடைந்து எழுத்துகளை மொத்தமாக உருவாக்கும் இயந்திர முறையைக் கண்டபின், சாண் உயர எழுத்துகூடச் சிற்றூர் அச்சகத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது. சர்க்கஸ், ரயில் வண்டி, கால்நடைச் சந்தை எல்லாவற்றையும் அது அறிவித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை ஏல அறிவிப்புகளிலும் இத்தகைய தடித்த எழுத்துகளே நிற்கின்றன. விற்கப்படும் மனிதர்களின் வயதும் வேலைத்திறனும் கீழே பொடி எழுத்தில் இருக்கும். மேலே விற்பனை என்ற சொல் மட்டும் பூதாகரமாக. அந்தத் துண்டறிக்கைகளின் நகல்களைப் பார்த்தபின், 'அழகிய பழைய சுவரொட்டி எழுத்து' என்று எங்களால் முன்போல் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் இதே குடும்பத்திலிருந்துதான் முற்றிலும் வேறு குணமுள்ள ஓர் எழுத்தும் வந்தது. 1845இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் 'கிளாரண்டன்' எழுத்தை வெளியிட்டது. வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். கட்டைகள் இருந்தன, ஆனால் காலோடு சேருமிடத்தில் மெல்லிய வளைவு. மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் சிறிது வேறுபாடும் இருந்தது. சுவருக்கு மட்டுமல்ல, புத்தகப் பக்கத்தில் சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் அமர்வதற்காகவும் அது செய்யப்பட்டது. இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி எழுத்தைத் தடிக்க வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் ஊற்று இங்கிருக்கிறது. பெஸ்லி இதைப் பதிவுசெய்து காப்புரிமையும் பெற்றார், மூன்றே ஆண்டுகளுக்கு. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தயக்கமின்றி நகலெடுத்தன.

1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் தலைச்சொற்கள் கிளாரண்டனில்தான் அச்சாயின. அதன் பெருந்தொகுதி ஒன்றை நூலகத்தில் புரட்டிய அனுபவம் எங்களுக்கு உண்டு. மூன்று பத்திகளில் நெருக்கியடித்த பொடி எழுத்துக் காட்டில் கண் தடுமாறும்போது, தேடிய சொல் கறுப்பாக, அமைதியாக, நின்ற இடத்திலேயே நின்று கைகாட்டியது. நாம் தேடி வரும்வரை அது காத்திருக்கிறது, யாரையும் கூவி அழைப்பதில்லை.

தமிழெழுத்துக்கு இந்தக் கட்டைகள் இல்லை. சாய்வெழுத்து மரபும் நம்மிடம் வலுவாக இல்லை. ஆகவே பக்கத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் பாரம் முழுவதும் தடிமன்மேல் விழுகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிற்றிதழில் இதில் எந்தக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளவில்லை. தலைப்பு தடிப்பு, பெயர் தடிப்பு, கட்டுரைக்குள் முக்கியம் என்று தோன்றியதெல்லாம் தடிப்பு.

எங்களோடிருந்த கவிஞர் ஒருவர் இளவயதில் இறந்தபோது, அஞ்சலிப் பக்கத்தின் மேல் அவர் பெயரைக் கைவசமிருந்ததிலேயே மிகத் தடித்த எழுத்தில், பக்க அகலம் முழுக்க வைத்தோம். எங்கள் துக்கத்தின் அளவு அது என்று நினைத்திருந்தோம். இதழை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய தந்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்திருந்தார். பிறகு, "நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. ஆனா அவன் மெதுவாப் பேசுறவன்" என்றார்.

அடுத்த இதழில் நண்பரின் வெளிவராத கவிதைகளில் ஆறினை வெளியிட்டோம். தலைப்புகளை உள்ளெழுத்தின் அதே அளவில் சற்றே தடிப்பாக வைத்தோம், பெயரைக் கடைசிக் கவிதையின் கீழே சாதாரண எழுத்தில். பெரியவர் வாங்கிப் புரட்டினார். எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை பிரதி மிச்சமிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.