கருமாதிக் காசு

பி.காம். முதல் வருஷம். அக்கவுண்டன்சி வகுப்பில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மெஷின் ஓட ஓடத் தேயும். அது படுத்துக்கொள்ளும் நாளுக்காக வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கி வை. அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அப்பா மாவு மில் வைத்திருந்தார்.

"உயிரோட இருக்கிற மெஷினுக்கு எதுக்குடா கருமாதிக் காசு?" என்று சிரித்தார்.

மூன்றாவது வருஷம், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது மோட்டார் புகைந்தது. புதுசுதான் வாங்கியாக வேண்டும். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. மில் மறுபடி ஓடியது. வளையல் திரும்பி வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் கதையைப் படித்தபோது எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வந்தது.

எஸ்காம், அந்த நாட்டின் அரசு மின்சார நிறுவனம். 1923-ல் பிறந்தது. முதல் தலைவர் ஹென்ட்ரிக் வான் டெர் பைல். அமெரிக்காவில் வால்வு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த விஞ்ஞானி. பிரதமர் ஸ்மட்ஸ் கூப்பிட, ஊர் திரும்பியவர். சட்டம் போட்ட நிபந்தனை விசித்திரமானது: லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது. எங்கள் வாத்தியார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்!

ஆனால் மனுஷன் நடத்திக் காட்டினார். நிலக்கரிக்குப் பஞ்சமில்லாத நாடு. மின்சாரம் மலிவாக வந்தது. தங்கச் சுரங்கங்களுக்குக் கரண்ட் விற்றுக்கொண்டிருந்த பெரிய தனியார் கம்பெனியையே 1948-ல் எஸ்காம் வாங்கிப் போட்டது.

ஒரு கறையும் உண்டு. நிறவெறி ஆட்சியில் மின் கம்பிகள் கறுப்பின மக்களின் தலைக்கு மேலே போயின, வீட்டுக்குள் நுழையவில்லை. 1994-ல் மண்டேலா ஆட்சிக்கு வந்தபோது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் கிடையாது. அதன் பிறகுதான் லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிந்தது. எண்பதுகளில் தேவைக்கு மேல் கட்டிப்போட்ட மின் நிலையங்கள் கைகொடுத்தன. உலகிலேயே மலிவான மின்சாரங்களில் ஒன்று என்ற பெயர். 2001-ல் உலகின் சிறந்த மின் நிறுவனம் என்று விருதுகூடக் கிடைத்தது.

நல்லா ஓடுற மெஷின்!

ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1998-ல், அரசின் எரிசக்திக் கொள்கை அறிக்கை எச்சரித்திருந்தது. 2007 வாக்கில் மின்சாரம் போதாது, புது நிலையங்களுக்கு இப்போதே முடிவெடுங்கள் என்று. அரசு என்ன செய்தது? தனியார் வந்து கட்டட்டும் என்று எஸ்காமின் கையைக் கட்டிப் போட்டது. தனியார் வரவில்லை. அத்தனை மலிவாக விற்கிற சந்தையில் எவன் முதல் போடுவான்? 2004-ல்தான் கட்டை அவிழ்த்தார்கள்.

2007 கடைசியில் மின்வெட்டு தொடங்கியது. சொல்லி வைத்த மாதிரி அதே வருஷம்! 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே சில நாள் நின்றன. எஸ்காம் சொன்னதுதான் சரி, நாங்கள்தான் தவறிவிட்டோம் என்று ஜனாதிபதி தாபோ எம்பெகி பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

அடித்துப் பிடித்துத் தொடங்கிய மெடுபி மின் நிலையத்தைக் கட்டி முடிக்க 2021 ஆனது. நடுவில் ஊழல் வேறு. பழைய நிலையங்களைப் பராமரிக்க நிறுத்தக்கூட முடியாமல் ஓட்டியதில் அவையும் படுத்தன. 2023-ல் பெரும்பாலான நாட்கள் மின்வெட்டு. 2024 மார்ச்சுக்குப் பிறகுதான் மாதக் கணக்கில் மூச்சு விட முடிந்தது.

லாபம் வேண்டாம், சரி. மலிவாகக் கொடு, அதுவும் சரி. நாளைய மெஷினுக்கான காசையும் சேர்த்துத்தானே அடக்க விலை? அதைக் கணக்கில் எழுதாமல் விட்டால், என்றைக்காவது யார் வளையலோ அடகுக்குப் போகும்.

அப்பா போன பிறகு பரணைச் சுத்தம் செய்தோம். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சில்லறையும் பத்து ரூபாய் நோட்டுகளும். மேலே அப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மோட்டார்'.

அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்கூட வளையலை மீட்கத்தான் சேர்க்குறார்னு நினைச்சிட்டிருந்தேன்டா" என்றாள்.