மணிமுடியின் நிழலில்

அரசி என்னும் சொல்லைக் கேட்டவுடன் பட்டும் பொன்னும் பணிப்பெண்களும் சூழ்ந்த வாழ்வே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. பாட்டிமார் சொன்ன கதைகள் அரசியை அரியணையில் அமர்த்திவிட்டு, இனிதே வாழ்ந்தாள் என்று முடிந்துவிடும். வரலாறோ பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் தன் கதையைத் தொடங்குகிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில், நூலகத்திலிருந்த பழைய இங்கிலாந்து வரலாற்று நூலொன்றை விரும்பிப் படித்தேன். எட்டாம் ஹென்றி மன்னனின் மனைவியர் அறுவரைப் பற்றிய பகுதி இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஏறத்தாழ 24 ஆண்டுகள் மனைவியாக இருந்த கேத்தரினுக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. மன்னன் அவரை விலக்கி ஆன் பொலினை மணந்தான். 1533 ஜூன் மாதம் அவருக்கு முடிசூட்டினான். அவ்விழாவுக்கு முன்னர் அவர் இலண்டன் கோட்டையின் அரச மாளிகையில் தங்கியிருந்தார். மூன்றாண்டு நிறையுமுன், 1536 மே 2ஆம் நாள், அதே மாளிகைக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டார்.

இடையில் நிகழ்ந்தது என்ன? ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னர் கரு கலைந்தது. மன்னனின் கண் வேறொரு பெண்மீது சென்றது. அதன்பின் குற்றச்சாட்டுகள் தாமே முளைத்தன. உடன்பிறந்தவன் உட்பட ஐவருடன் முறைதவறிப் பழகினார் என்றார்கள். மன்னனைக் கொல்லச் சூழ்ச்சி செய்தார் என்றார்கள். மே 19ஆம் நாள் அவர் வாளுக்கு இரையானார். அடுத்த பதினோராம் நாள் மன்னன் மறுமணம் புரிந்தான்.

குற்றச்சாட்டுகளை விரிக்காமல் இவ்வரலாற்றை ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அரசி என்ன தவறு செய்தார்?" என்று கேட்டாள். "ஆண் குழந்தை பெறவில்லை," என்றேன். "அது தவறா, ஐயா?" என்றாள். அவ்வினாவை இங்கிலாந்தின் நீதிமன்றத்தில் எவரும் கேட்கவில்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர் ஆன் பொலினின் திருமணமே செல்லாது என்று அறிவித்தனர். மனைவியே அல்லர் என்றால், கணவனுக்குத் துரோகம் செய்தது எங்ஙனம்? சட்டம் மன்னனுக்கு வழிகாட்டவில்லை; அவன் விருப்பத்தின் பின்னே நடந்தது.

மணம் புரிந்த அரசிக்கே இந்நிலை என்றால், மன்னனின் ஆசையை மட்டுமே நம்பியிருந்த ஆசைநாயகியரின் நிலை என்ன? பிரான்சு நாட்டில் எளிய குடியில் பிறந்த டுபாரி அம்மையார் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகியாக விளங்கினார். பட்டத்து இளவரசனின் மனைவி மேரி அன்டோனெட் அவரிடம் பேசவும் மனமின்றி ஒதுங்கினார். 1774இல் மன்னன் பெரியம்மையால் மரணப்படுக்கையில் கிடந்தபோது டுபாரி வெளியேற்றப்பட்டார். பின்னர்க் கன்னிமாடமொன்றுக்கு அனுப்பப்பட்டார். பின்பு புரட்சி வந்தது. 1793 அக்டோபர் 16ஆம் நாள் மேரி அன்டோனெட்டும், டிசம்பர் 8ஆம் நாள் டுபாரியும் ஒரே சதுக்கத்தில் கில்லட்டினில் தலை இழந்தனர். அரண்மனையில் ஒன்றுசேராத இருவரைக் கொலைக்களம் ஒன்றுசேர்த்தது.

உயிர் தப்பியவர்களும் உண்டு. ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார் கற்றறிந்தவர். 1545இல் தம் பெயரிலேயே நூல் வெளியிட்டவர். சமயக் கருத்துகளில் மன்னனுடன் வாதிட்டமையால் அவரைச் சிறைப்பிடிக்க ஏற்பாடாயிற்று என்றும், மன்னனிடமிருந்து கற்றுக்கொள்ளவே வாதிட்டதாகக் கூறிப் பணிந்து அவர் தப்பினார் என்றும் ஜான் ஃபாக்ஸ் எழுதியுள்ளார். ஆசிரியனாகிய எனக்கு வாளைவிட இந்நிகழ்ச்சியே மிகுதியாக உறுத்துகிறது. கற்ற பெண்ணொருத்தி தன் அறிவை மறைத்தல்லவா உயிரைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது!

தாய் கொல்லப்பட்டபோது ஆன் பொலினின் மகள் எலிசபெத்துக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஆண் குழந்தையாகப் பிறக்கவில்லையே என்று வருந்தப்பட்ட அந்தப் பெண்தான் 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டார். இறுதிவரை மணம் புரியவில்லை. தாய் பெற்ற முடி மன்னனின் விருப்பத்தால் வந்தது. அவ்விருப்பம் மாறியதும் போயிற்று. மகளோ தம் முடியைப் பிறிதொருவர் கையில் ஒப்படைக்கவில்லை.

பள்ளி விழாக்களில் நம் மாணவியருக்குத் தாள்முடி சூட்டி அரசியராக நிறுத்தி மகிழ்கிறோம். காண இனிய காட்சிதான். ஆயினும், வகுப்பில் எழுந்து நின்று, "அது தவறா, ஐயா?" என்று கேட்கும் மாணவியை அமரச் சொல்லாமல் செவிமடுப்பதே ஆசிரியராகிய நாம் அவளுக்குச் சூட்டும் முடி. அதனை எந்த மன்னனும் பறித்துக்கொள்ள இயலாது.